60 வயது தாண்டியவர்களுக்கு மருத்துவக் காப்பீடு: திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகள்

பெற்றோருக்குப் பாலிசி தேடும் பிள்ளைகளும், தங்களுக்கே எடுக்க நினைக்கும் பெரியவர்களும் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைக் கொடுத்திருக்கிறோம். 'ஆணையம்' என்று வரும் இடங்களில் இந்தியக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தை (ஐ.ஆர்.டி.ஏ.ஐ.) குறிக்கிறோம்.

1. அப்பாவுக்கு 72 வயசு ஆயிடுச்சு. இனிமே யாராவது பாலிசி தருவாங்களா?

தருவார்கள். முன்பு பெரும்பாலான பாலிசிகளில் 65 வயதுக்கு மேல் புதிதாகச் சேர முடியாது. 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகளில் அந்த வயது வரம்பு எடுக்கப்பட்டுவிட்டது.

ஆனால் வயதைத் தடையாக வைக்கக்கூடாது என்பதால் எல்லோரையும் சேர்த்தே ஆக வேண்டும் என்று ஆகிவிடாது. உடல்நிலையைப் பார்த்துக் கூடுதல் பிரீமியம் கேட்கலாம், மறுக்கவும் செய்யலாம். ஒரு நிறுவனம் மறுக்கும் நோயை இன்னொன்று ஏற்றுக்கொள்வது சகஜம். அதற்காக ஒரே நேரத்தில் நாலைந்து இடத்தில் விண்ணப்பம் போடாதீர்கள். 'இதற்கு முன் எந்த நிறுவனமாவது மறுத்ததா' என்ற கேள்வி பெரும்பாலான படிவங்களில் உண்டு. முதலில் மருத்துவ ரிப்போர்ட்டுகளைக் காட்டி, ஏற்பார்களா என்று வாய்மொழியாகக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பிறகு ஒரு இடத்தில் போடுங்கள்.

2. சுகர், பிரஷர் ரெண்டும் இருக்கு. அதுக்கெல்லாம் க்ளெய்ம் கிடைக்குமா?

கிடைக்கும், காத்திருக்க வேண்டும். காத்திருப்புக் காலம் மூன்று வகை. முதல் 30 நாட்களுக்கு விபத்தைத் தவிர எதற்கும் பணம் வராது. கண்புரை, குடலிறக்கம், மூலம், சிறுநீரகக் கல், புராஸ்டேட் வீக்கம், மூட்டு மாற்று போன்ற ஒரு பட்டியலுக்குப் பொதுவாக 24 மாதம். புதிதாக வந்தாலும் இந்தப் பட்டியலுக்குக் காத்திருப்பு உண்டு. மூன்றாவது, பாலிசி எடுக்கும்போதே இருக்கும் நோய்களுக்கானது. இதற்கு அதிகபட்சம் 36 மாதம் என்று ஆணையம் வைத்திருக்கிறது. முன்பு இது 48 மாதமாக இருந்தது.

சுகர் இருப்பவருக்கு முதல் மூன்று வருடத்தில் கால் புண்ணோ சிறுநீரகக் கோளாறோ வந்தால், 'இது சுகரால் வந்தது' என்று தள்ளிவிட வாய்ப்பு அதிகம். அதே காலத்தில் டெங்குவுக்கோ எலும்பு முறிவுக்கோ தாராளமாகக் க்ளெய்ம் செய்யலாம். கூடுதல் பிரீமியம் வாங்கிக்கொண்டு இந்த 36 மாதத்தைக் குறைத்துத் தரும் பாலிசிகளும் உண்டு. 65 வயதுக்காரருக்கு அந்தக் கூடுதல் செலவு தகும் என்பதே எங்கள் கருத்து.

3. சுகர் இருக்கறதைச் சொல்ல வேண்டாம்னு ஏஜெண்ட் சொல்றார். சொல்லாம விட்டா கண்டுபிடிப்பாங்களா?

கண்டுபிடிப்பார்கள். அவர்கள் துப்பறியக்கூட வேண்டாம். ஆஸ்பத்திரியில் சேர்த்த முதல் பத்து நிமிடத்தில் டியூட்டி டாக்டர் 'சுகர் எத்தனை வருஷமா இருக்கு?' என்று கேட்பார். நீங்களும் உண்மையைச் சொல்வீர்கள், சொல்லித்தான் ஆக வேண்டும். அது கேஸ் ஷீட்டில் ஏறி, டிஸ்சார்ஜ் சம்மரிக்குப் போய், காப்பீட்டு நிறுவனத்தின் மேஜைக்கு வந்துவிடும். அதன்பின் அந்தக் க்ளெய்ம் போவதோடு பாலிசியே ரத்தாகலாம். கமிஷன் வாங்கிய ஏஜெண்ட் அன்று பக்கத்தில் இருக்க மாட்டார்.

விண்ணப்பத்தை நீங்களே உட்கார்ந்து நிரப்புங்கள். தினமும் போடும் மாத்திரைகளை மேஜையில் பரப்பி வைத்து, ஒவ்வொன்றும் எதற்காக என்று எழுதுங்கள். தைராய்டு, கொழுப்பு மாத்திரை, பல வருடம் முன்பு நடந்த ஆபரேஷன் எல்லாம் படிவம் கேட்டால் எழுத வேண்டியவை. பாலிசி கைக்கு வந்ததும் அதோடு இணைத்திருக்கும் விண்ணப்ப நகலில் நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறதா என்று பாருங்கள். மாறியிருந்தால் உடனே எழுத்தில் திருத்தச் சொல்லுங்கள். பிடிக்கவில்லை என்றால், கைக்கு வந்த 30 நாட்களுக்குள் பாலிசியைத் திருப்பிக் கொடுக்கலாம். மருத்துவப் பரிசோதனைச் செலவு, முத்திரைக் கட்டணம், அதுவரையிலான நாட்களுக்கான சிறு தொகை போக மீதி திரும்ப வரும்.

4. அஞ்சு வருஷம் ஆயிட்டா எதையும் கேள்வி கேட்க மாட்டாங்களாமே?

60 மாதம் விடாமல் பிரீமியம் கட்டியிருந்தால், சொல்லாமல் விட்டதைக் காரணம் காட்டிக் க்ளெய்மை மறுக்க முடியாது என்பது உண்மை. முன்பு இது எட்டு வருடம். ஆனால் மோசடி என்று நிரூபித்துவிட்டால் இந்தப் பாதுகாப்பு கிடையாது. நினைவில்லாமல் விடுபட்டவர்களுக்காக உள்ள விதி இது. வேண்டுமென்றே மறைப்பவர் இதை நம்பி இறங்கினால், எழுபது வயதில் ஐந்து வருடம் ஆஸ்பத்திரிப் பக்கமே போகாமல் இருக்க வேண்டும்.

5. அஞ்சு லட்சம் போதுமா, பத்து லட்சம் வேணுமா?

முடிந்தால் பத்து. ஆனால் தொகையைப் பார்ப்பதற்கு முன் மூன்று வெட்டுகளைப் பாருங்கள்: ரூம் வாடகை வரம்பு, கோ-பே (ஏற்றுக்கொண்ட ஒவ்வொரு க்ளெய்மிலும் நம் பங்காகக் கழிக்கும் சதவீதம்), நோய்வாரி வரம்பு. இந்த மூன்றும் உள்ள 10 லட்சம் பாலிசியைவிட, மூன்றும் இல்லாத 5 லட்சம் பாலிசி பல நேரங்களில் அதிகப் பணம் தரும். விளம்பரத்தில் தொகை பெரிதாக இருக்கும், வெட்டுகள் உள்ளே இருக்கும். பாலிசியோடு தரும் 'வாடிக்கையாளர் தகவல் தாள்' என்ற சுருக்கத்தில் இவை இருக்க வேண்டும். அந்தத் தாளைத் தமிழில் கேட்டு வாங்கலாம்.

6. ரூம் வாடகை லிமிட்னா, வித்தியாசத்தை நாம கட்டினா போதும்தானே?

இதுதான் மிக அதிகம் பேர் ஏமாறும் இடம். வித்தியாசத்தோடு முடியாது. ஒரு கணக்கைப் பாருங்கள்.

பாலிசி 5 லட்சம், ரூம் வரம்பு அதில் 1 சதவீதம், அதாவது நாளுக்கு 5,000 ரூபாய். நீங்கள் எடுத்த அறை 8,000 ரூபாய், ஐந்து நாள். பில்லில் அறைக்கு 40,000, டாக்டர், ஆபரேஷன் தியேட்டர், நர்சிங் கட்டணங்கள் 1,20,000, மருந்து, டெஸ்ட், உடலில் பொருத்திய கருவி 90,000. மொத்தம் 2,50,000. அறைக்கு 25,000தான் வரும். உங்களுக்கு உரிமையான அறை எடுத்த அறையில் எட்டில் ஐந்து பங்கு என்பதால், டாக்டர், தியேட்டர் கட்டணங்களும் அதே விகிதத்தில் வெட்டப்பட்டு 75,000 ஆகும். மருந்து, டெஸ்ட், பொருத்திய கருவிகளில் இந்த வெட்டு போடக் கூடாது என்று ஆணையம் சொல்லியிருப்பதால் அந்த 90,000 முழுதாக வரும். ஆக வருவது 1,90,000. அறை வித்தியாசம் 15,000தான், கையிலிருந்து போனது 60,000.

காரணம் இதுதான்: பல ஆஸ்பத்திரிகளில் அறை உயர்ந்தால் டாக்டர் கட்டணமும் சேர்ந்து உயரும். அறைக்குத் தகுந்தபடி கட்டணம் மாற்றாத ஆஸ்பத்திரியில் இந்த விகித வெட்டு போடக் கூடாது. ஐ.சி.யூ. கட்டணத்திலும் கூடாது. போட்டிருந்தால் கேளுங்கள். சேர்க்கும்போதே 'என் பாலிசிக்கு எந்த அறை தகுதி' என்று காப்பீட்டு மேஜையில் கேட்டு, அந்த அறை காலியில்லை என்றால் அதை ஆஸ்பத்திரியிடம் எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

7. கோ-பே 20 சதவீதம்னு போட்டிருக்கு. பிரீமியம் குறைவா இருக்கே, எடுக்கலாமா?

மேலே உள்ள அதே பில்லுக்கு 20 சதவீதக் கோ-பே இருந்தால், ஏற்றுக்கொண்ட 1,90,000இல் இன்னும் 38,000 குறையும். கைக்கு வருவது 1,52,000. நீங்கள் கட்டியது 98,000. கையுறை, முகக்கவசம் போன்ற பாலிசியில் சேராத பொருட்கள் தனி.

கோ-பே ஒவ்வொரு க்ளெய்முக்கும், ஆயுள் முழுக்கத் தொடரும். மூத்த குடிமக்களுக்கென்றே விற்கும் பாலிசிகளில் இது அதிகம். கோ-பே இல்லாத சாதாரண பாலிசி அவருக்குக் கிடைக்குமா என்று முதலில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் கோ-பே பாலிசி எடுக்கலாம், ஒன்றுமில்லாமல் இருப்பதற்கு அது எவ்வளவோ மேல். அப்போது பில்லில் ஐந்தில் ஒரு பங்கை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும்.

8. நோய்வாரி வரம்புன்னா என்ன? எதுக்கெல்லாம் இருக்கும்?

மொத்தத் தொகை எவ்வளவு இருந்தாலும் குறிப்பிட்ட சிகிச்சைக்கு இவ்வளவுதான் என்பது. கண்புரையும் மூட்டு மாற்றும்தான் வழக்கமானவை. பெரியவர்கள் அதிகம் போவதும் இவற்றுக்குத்தான். உதாரணமாக, எல்லா நிறுவனங்களும் ஒரே மாதிரி விற்கும் 'ஆரோக்ய சஞ்சீவனி' பாலிசியில் கண்புரைக்கு ஒரு கண்ணுக்குக் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் அல்லது 40,000 ரூபாய், எது குறைவோ அது. ரூம் வாடகை 2 சதவீதம், நாளுக்கு 5,000க்கு மிகாமல். கோ-பே 5 சதவீதம். மற்ற பாலிசிகளை ஒப்பிட இதை அளவுகோலாக வைத்துக்கொள்ளலாம். இதைவிடக் கறாரான வெட்டுகள் உள்ள பாலிசியை யாராவது கூடுதல் விலைக்கு விற்றால் யோசியுங்கள்.

9. என் ஃபேமிலி பாலிசியிலேயே அப்பா அம்மாவையும் சேர்த்துட்டா சிக்கனம்தானே?

குடும்பத்துக்கு ஒரே தொகை என்ற பாலிசியில் பிரீமியம் மூத்தவரின் வயதை வைத்துக் கணக்காகும். 70 வயது அப்பாவைச் சேர்த்தால் உங்கள் பிரீமியமும் ஏறும். அவருடைய ஒரு பைபாஸ் ஆபரேஷன் அந்த வருடத் தொகையைத் தின்றுவிட்டால் உங்கள் குழந்தைக்கு ஒன்றும் இருக்காது. பெற்றோருக்குத் தனியாக எடுங்கள். இருவரில் ஒருவருக்கு நோய் அதிகம் என்றால் அவர்களுக்குள்ளும் தனித்தனிப் பாலிசி நல்லது.

10. ஆபீஸ் பாலிசியில் ரெண்டு பேரும் கவராகுறாங்க. தனியா எதுக்கு?

ஆபீஸ் பாலிசியில் முதல் நாளே எல்லா நோய்க்கும் பணம் வருவதால் அது சொகுசாகத் தெரியும். வேலை மாறினாலோ நிறுவனம் பெற்றோரை எடுத்துவிட்டாலோ அன்றே முடிந்துவிடும். அப்போது அப்பாவுக்கு 74 ஆகியிருக்கும், 2ஆம் பதிலில் சொன்ன காத்திருப்பு அன்றுதான் தொடங்கும். ஆபீஸ் பாலிசி இருக்கும்போதே சிறியதாக ஒன்றைத் தனியாகத் தொடங்கினால், அது தேவைப்படும் நாளுக்குள் காத்திருப்பு முடிந்திருக்கும்.

வேலையை விடப்போகிறீர்கள் என்றால், அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறும் வழி உண்டு. கடைசி வேலை நாளுக்கு முன்பே எழுதிக் கேளுங்கள், ஏற்கெனவே கழிந்த வருடங்களைக் காத்திருப்பில் கழிக்கச் சொல்லுங்கள்.

11. டாப்-அப், சூப்பர் டாப்-அப் ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?

இரண்டும் ஒரு குறிப்பிட்ட தொகைக்கு மேல் போனால்தான் தரும். அந்த எல்லை 5 லட்சம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே வருடத்தில் முதலில் 4 லட்சம், பிறகு 3 லட்சம் என இரண்டு பில். டாப்-அப் ஒவ்வொரு பில்லையும் தனியாகப் பார்க்கும், இரண்டுமே 5 லட்சத்தைத் தாண்டவில்லை, ஒன்றும் தராது. சூப்பர் டாப்-அப் வருடக் கூட்டலைப் பார்க்கும், 7 லட்சத்தில் 2 லட்சம் தரும். பெரியவர்கள் ஒரே வருடத்தில் இரண்டு மூன்று முறை சேர்வது சாதாரணம் என்பதால் சூப்பர் டாப்-அப்தான் சரி.

12. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருக்கு. 70 வயசுக்கு மேல மத்திய அரசு அட்டையும் தர்றாங்களாம். அப்புறம் தனியார் பாலிசி எதுக்கு?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ளவர்கள் சேரலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி, ரேஷன் கார்டு, ஆதாரோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள பதிவு மையத்துக்குப் போக வேண்டும்.

70 வயது நிறைந்தவர்களுக்கு 2024 அக்டோபர் 29 அன்று தொடங்கிய 'ஆயுஷ்மான் வய வந்தனா' அட்டைக்கு வருமான வரம்பே கிடையாது. ஆதாரில் உள்ள வயதே போதும். குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம், கணவன் மனைவி இருவரும் 70 தாண்டியிருந்தால் பகிர்ந்துகொள்ள வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய்க்குக் காத்திருப்பு இல்லை. தனியார் பாலிசி இருப்பவர்களும் வாங்கலாம். மத்திய அரசு, முன்னாள் ராணுவத்தினர் மருத்துவத் திட்டங்களில் இருப்பவர்கள் மட்டும் ஏதாவது ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இரண்டையும் தகுதி இருந்தால் கட்டாயம் எடுங்கள், செலவே இல்லை. ஆனால் இவை பட்டியலில் உள்ள ஆஸ்பத்திரியில், பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, உள்நோயாளியாகச் சேர்ந்தால்தான். உங்கள் பக்கத்து ஆஸ்பத்திரி, நீங்கள் பார்க்கும் இதய டாக்டர் இருக்கும் இடம், அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று 14555க்குப் பேசி இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். நல்ல ஆஸ்பத்திரிகள் பட்டியலில் இருந்தால், பிரீமியம் கட்ட முடியாத குடும்பம் தனியார் பாலிசி இல்லையே என்று கலங்க வேண்டியதில்லை.

13. பிரீமியம் வருஷா வருஷம் ஏறிக்கிட்டே போகுதே, கட்டாம ஒரு வருஷம் விட்டுட்டுச் சேரலாமா?

கூடாது. விட்டால் காத்திருப்பு மறுபடி முதலிலிருந்து தொடங்கும், 4ஆம் பதிலில் சொன்ன 60 மாதக் கணக்கும் அழிந்துவிடும். வருடப் பிரீமியத்துக்கு 30 நாள் சலுகை உண்டு, அதற்குள்ளாவது கட்டிவிடுங்கள். முடியவில்லை என்றால் பாலிசியை விடாமல் தொகையைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு ஒரு வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏற்றுவதானால் முதலில் தன்னிடம் கலந்து பேச வேண்டும் என்று 2025 ஜனவரியில் ஆணையம் உத்தரவிட்டது. 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் இல்லை. பழைய வருமான வரி முறையில் இருப்பவர்கள், மூத்த குடிமக்களான பெற்றோரின் பிரீமியத்துக்கு 50,000 ரூபாய் வரை வரிக்குரிய வருமானத்தில் கழிக்கலாம். ரொக்கமாகக் கட்டினால் கழிக்க முடியாது.

14. வேற கம்பெனிக்கு மாத்தினா கட்டின வருஷமெல்லாம் வீணா?

வீணாகாது. 'போர்ட்' செய்தால் கழிந்த காத்திருப்பு கூடவே வரும். பழைய தொகை 3 லட்சம், புதியது 10 லட்சம் என்றால் கூடுதல் 7 லட்சத்துக்கு மட்டும் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும். புதுப்பிக்கும் தேதிக்கு 45 நாளுக்கு முன்பே விண்ணப்பியுங்கள். புது நிறுவனம் மறுக்கவும் செய்யலாம் என்பதால், அவர்கள் எழுத்தில் ஏற்கும்வரை பழையதை விடாதீர்கள்.

15. கேஷ்லெஸ் இல்லைன்னு சொல்லிட்டாங்க. க்ளெய்ம் அவ்வளவுதானா?

கேஷ்லெஸ் என்பது காப்பீட்டு நிறுவனமே ஆஸ்பத்திரிக்கு நேரடியாகப் பணம் கட்டுவது. அதன் மறுப்பும் க்ளெய்ம் மறுப்பும் வேறு வேறு. ஆவணம் போதவில்லை என்று கேஷ்லெஸை மறுத்திருக்கலாம். பணம் கட்டிவிட்டுப் பிறகு கேட்டு வாங்கலாம். ஒரிஜினல் பில், ரசீது, டெஸ்ட் ரிப்போர்ட், மருந்துச் சீட்டு, ஸ்டென்ட் போன்றவற்றின் ஸ்டிக்கர், டிஸ்சார்ஜ் சம்மரி, ரத்து செய்த காசோலை எல்லாம் வேண்டும். நகல் எடுத்து வைத்துக்கொண்டு கொடுங்கள்.

விதிப்படி கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்துக்குள் பதில் வர வேண்டும், டிஸ்சார்ஜ் அன்று இறுதி அனுமதி மூன்று மணி நேரத்துக்குள். அதற்கு மேல் தாமதமாகி ஆஸ்பத்திரி கூடுதலாக வசூலித்தால் அதைக் காப்பீட்டு நிறுவனம்தான் ஏற்க வேண்டும்.

16. டிஸ்சார்ஜ் சம்மரியில் எதைப் பார்க்கணும்?

நோய் எத்தனை வருடமாக இருக்கிறது என்ற வரியை. பதற்றத்தில் கூட இருந்த மருமகனிடம் கேட்டிருப்பார்கள், அவர் 'பத்து வருஷம் இருக்கும்' என்று தோராயமாகச் சொல்லியிருப்பார். உண்மையில் மூன்று வருடம் முன்புதான் கண்டுபிடித்திருப்பார்கள். அந்த ஒரு எண்ணால், நோயை மறைத்ததாகச் சொல்லிப் பல க்ளெய்ம்கள் நிற்கின்றன. வீட்டுக்குக் கிளம்பும் முன் படியுங்கள். தவறு என்றால் முதன்முதலில் நோயைக் கண்டறிந்த ரிப்போர்ட்டைக் காட்டி, டாக்டரிடம் கையெழுத்தோடு திருத்தி வாங்குங்கள். இதற்காகவே பழைய முதல் ரிப்போர்ட்டையும் முதல் மருந்துச் சீட்டையும் ஒரு கவரில் பத்திரப்படுத்தி, அது எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் சொல்லி வையுங்கள்.

'பரிசோதனைக்காக மட்டும் சேர்க்கப்பட்டார்' என்ற தொனியில் எழுதியிருந்தாலும் க்ளெய்மை மறுத்துவிடுவார்கள். வீட்டில் வைத்துப் பார்க்க முடியாத காரணம், ஊசி வழியாகக் கொடுத்த மருந்துகள் போன்றவை சம்மரியில் தெளிவாக இருக்க வேண்டும்.

17. க்ளெய்மை மறுத்துட்டாங்க. கோர்ட்டுக்குத்தான் போகணுமா?

முதலில், எந்த விதிப்படி மறுத்தார்கள் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பாலிசியின் எந்தப் பிரிவு என்று அவர்கள் குறிப்பிட வேண்டும். அந்தப் பிரிவை எடுத்துப் படித்து, நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் பதில் எழுதுங்கள். ஆணையத்தின் 155255 எண்ணிலும் 'பீமா பரோசா' தளத்திலும் புகாரைப் பதியலாம்.

30 நாளில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கான அலுவலகம் சென்னை தேனாம்பேட்டையில், அண்ணா சாலையில் இருக்கிறது. 50 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளை விசாரிப்பார். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். நிறுவனம் மறுத்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும், பலர் இந்தக் காலக்கெடுவைத்தான் தவறவிடுகிறார்கள்.

18. எங்கயும் பாலிசி கிடைக்கலை. அந்தப் பணத்தைச் சேர்த்து வெச்சா போதுமா?

டயாலிசிஸ் செய்பவர்கள், அண்மையில் புற்றுநோய் சிகிச்சை எடுத்தவர்களுக்கு இந்த நிலை வரும். பிரீமியமாகக் கட்டியிருக்கக்கூடிய தொகையை மாதாமாதம் தனிக் கணக்கில் போடுங்கள், வேறு எதற்கும் தொடாதீர்கள். 70 தாண்டியிருந்தால் 12ஆம் பதிலில் உள்ள அட்டை அவருக்குத்தான் மிக அவசியம். விபத்துக் காப்பீடு பல நேரம் கிடைக்கும், விழுந்து இடுப்பு உடைவதற்கு அது உதவும்.

பாலிசியே இல்லாத மூத்த குடிமகனுக்காகச் செய்யும் மருத்துவச் செலவையும், பழைய வரி முறையில், அதே 50,000 ரூபாய் வரம்புக்குள் கழிக்கலாம். மருந்துக்கடை பில்லை நோயாளியின் பெயரில் வாங்கி, கார்டிலோ யு.பி.ஐ.யிலோ பணம் கட்டுங்கள்.